சூரியனுக்கு முகம் துடைத்த கத்தரினா

கற்பிட்டிக் கரையில் லூர்து ஸ்டூடியோ யாகப்புவின் கமெராவுக்கு ராசியான கமெரா என்று பெயர். அதன் முன்னால் உட்கார்ந்தால் பரு மறையும், தழும்பு மறையும், கண்ணுக்குக் கீழே விழுந்த கருவளையம் மறையும். கலியாணப் பேச்சுக்குப் படம் எடுக்க முந்தல், மதுரங்குளி, பாலாவி என்று எங்கிருந்தோவெல்லாம் பஸ் ஏறி வருவார்கள். வழியில் நாலு ஸ்டூடியோ இருக்கும். அதையெல்லாம் தாண்டிக்கொண்டு வருவார்கள்.

உண்மையைச் சொன்னால் அந்தக் கமெராவில் ஒரு ராசியும் இல்லை. அது பருவைப் பருவாகவும் தழும்பைத் தழும்பாகவும்தான் எடுத்தது. ராசி உள்ளறையில், நீலத் திரைக்குப் பின்னால், பிரம்புக் கதிரையில் உட்கார்ந்திருந்தது. அதன் பெயர் கத்தரினா. யாகப்புவின் மனைவி.

கத்தரினா கன்னிப் பருவத்திலேயே சிலாபத்தில் மாமா ஒருவரின் ஸ்டூடியோவில் டச்சிங் பழகியவள். அந்தக் காலத்தில் டச்சிங் என்றால் நெகட்டிவை விளக்குக்கு முன்னால் பிடித்து, ஊசி மாதிரிச் சீவிய பென்சிலால் முகத்தின் குறையையெல்லாம் ஒன்றொன்றாக மூடுவது. பிறகு கம்பியூட்டர் வந்தது. பென்சிலை வைத்துவிட்டு மவுஸைப் பிடித்தாள். வேலை அதேதான்: கறை இருக்கிற இடத்துக்குப் பக்கத்திலிருந்து நல்ல தோலைக் கொஞ்சம் எடுத்து, கறைக்கு மேல் பூசிவிட வேண்டும். பூசின இடம் தெரியக் கூடாது. கத்தரினா பூசினால் பெற்ற தாய்க்கும் தெரியாது.

இந்த வேலையால் அவளுடைய கண் கெட்டுப்போயிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒருவரைப் பார்த்தால் முதலில் அவருடைய மச்சத்தைப் பார்ப்பாள், பிறகுதான் ஆளைப் பார்ப்பாள். கோயிலில் அந்தோனியார் சுரூபத்தின் மூக்கில் ஒரு நாள் சாந்து உதிர்ந்துவிட்டது. அந்த ஞாயிறு பூசை முழுவதும் கத்தரினா மனதுக்குள் அந்தோனியாரின் கன்னத்திலிருந்து எடுத்து மூக்கில் பூசிக்கொண்டிருந்தாள். பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது.

தொழிலில் அவளுக்கு இரண்டு சட்டம். எதை எடுத்தோம் என்று யாருக்கும் சொல்லக் கூடாது. எடுத்த பிறகு பழைய படத்தைக் கடையில் வைத்திருக்கக் கூடாது. இரண்டாவது சட்டம் பட்டுத் தெரிந்துகொண்டது. கடை தொடங்கிய புதிதில், துடைத்த படமும் துடைக்காத படமும் ஒரே மேசையில் கிடக்க, யாகப்பு மறதியாகத் துடைக்காததை உறையில் போட்டு மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்தக் கலியாணம் எப்படியோ ஒப்பேறியது. ஆனால் பெண்ணின் தாய் கடைக்கு வந்து பேசிய பேச்சு கத்தரினாவின் காதை விட்டு இறங்கவில்லை. அன்று தொட்டு, துடைத்து முடித்த கையோடு பழையதை அழித்துவிடுவாள். கமெராவின் மெமரி காட்டையும் வெறுமையாக்கிவிடுவாள். அந்தக் கரையின் கறையெல்லாம் அவளுடைய தலைக்குள் மட்டும்தான் இருந்தது. ஒன்றையும் அவள் மறக்கவுமில்லை.

யாகப்பு வேறு ரகம். அவருக்கு முகங்கள் அலுத்துப்போய்விட்டன. "இடது பக்கம் கொஞ்சம் திரும்புங்க, நாடியை இறக்குங்க" என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, சொல்லாமலே நிற்கிற ஒன்றைப் படம் எடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. யுத்தம் முடிந்த பிறகு, பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கி ஓடுகிற வெள்ளைக்காரர் கற்பிட்டிக்கு வரத் தொடங்கினார்கள் அல்லவா, அவர்களில் ஒரு சோடி கடற்கரையிலேயே கலியாணம் செய்துகொண்டது. யாகப்புதான் படம் எடுத்தார். ஊருக்குப் போகும்போது அந்த மாப்பிள்ளை தன்னுடைய தொலைநோக்கியை அவருக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனான். பட்டமும் பெண்சாதியும் இருக்க, இதையும் தூக்கிக்கொண்டு விமானம் ஏற அவனால் முடியவில்லை.

தொலைநோக்கி கிடைத்த எவரும் நிலவைப் பார்ப்பார், நட்சத்திரத்தைப் பார்ப்பார். யாகப்பு இரவு எட்டு மணி தாண்டினால் நின்ற இடத்திலேயே தூங்கிவிழுகிற ஆள். ஆகவே அவருக்கு மிஞ்சியது சூரியன் ஒன்றுதான். வெறும் குழாயால் சூரியனைப் பார்த்தால் கண் அவிந்துவிடும் என்று அந்த வெள்ளைக்காரனே எச்சரித்து, குழாயின் முன்வாயில் மாட்டுவதற்கு வெள்ளி நிறத் தாள் ஒன்றையும் கொடுத்திருந்தான். சூரிய வெளிச்சத்தில் ஒரு பொட்டைத் தவிர மீதியெல்லாவற்றையும் அது தடுத்துவிடும். கத்தரினா அதை முதலில் கேக் பெட்டிக்குச் சுற்றுகிற தாள் என்று நினைத்து அலுமாரியில் மடித்து வைக்கப் போனாள். யாகப்பு பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டார்.

முதல் நாள் அவர் கடற்கரையில் தொலைநோக்கியின் மூன்று காலை விரித்துக் குழாயை நிமிர்த்தியபோது, கரைக்காவலுக்கு நின்ற சிப்பாய் ஒருவன் மணலில் கால் புதையப் புதைய ஓடி வந்தான். "மே மொகக்த?" என்று சிங்களத்தில் கேட்டான். இது என்ன என்று. சூரியனைப் பார்க்கிறேன் என்று யாகப்பு சொன்னார். சூரியனைப் பார்க்க இது எதற்கு, அதுதான் சும்மாவே தெரிகிறதே என்றான் சிப்பாய். யாகப்பு அவனையும் பார்க்கச் சொன்னார். பார்த்துவிட்டு, வெள்ளையாக வட்டமாக ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான் என்று சொல்லி அவன் திரும்பிப் போனான். இப்படி ஆரம்பித்தது.

சூரியனில் கறை இருக்கிறது, அந்தக் கறை ஒவ்வொன்றும் பூமியை விடப் பெரிதாகவும் இருக்கும், நாளுக்கு நாள் இடம் மாறும் என்று யாகப்பு எங்கேயோ படித்துத் தெரிந்துகொண்டார். தெரிந்ததைத் தெருவில் எல்லோருக்கும் சொன்னார். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள், மர்ஸூக் ஹாஜியாரைத் தவிர.

ஹாஜியாருக்குப் பாலாவிப் பக்கம் உப்பளம். பின்னேரம் கற்பிட்டிக்குத் திரும்பியதும் யாகப்புவின் கடையில் வந்து, அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிறவர்கள் உட்காருகிற ஸ்டூலில் உட்கார்ந்து பிளேன்டீ குடிப்பது அவருடைய வழக்கம். சூரியனை நம்பிப் பிழைக்கிற மனிதர். அதைப் பற்றி ஒரு படப்பிடிப்பாளன் தனக்குப் பாடம் சொல்வதா என்று அவருக்கு ஆத்திரம்.

"தம்பி, நான் சின்ன வயசில இருந்து அதுக்குக் கீழதான் நிக்கிறன். கறை இருந்தா எனக்குத் தெரியாமப் போகுமா? உப்பில தெரிஞ்சிருக்கும்."

ஒரு நாள் யாகப்பு தான் எடுத்த படத்தைக் கொண்டுவந்து காட்டினார். வெள்ளை வட்டத்தில் கறுப்பாக மூன்று புள்ளி. ஹாஜியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு எழும்பி, "அந்தக் கமெராவைக் கொண்டுவாங்க" என்று சொல்லி, கடைக்கு எதிரே இருந்த வெள்ளைச் சுவரைக் காட்டி, "இதையும் ஒண்டு எடுங்க" என்றார். யாகப்பு எடுத்தார். சுவரிலும் அதே மூன்று புள்ளி, அதே இடத்தில்.

"சூரியன்ட கறை இந்தச் சுவரிலயும் இரிக்கி போல" என்றார் ஹாஜியார். பிறகு மிச்சப் பிளேன்டீயைக் குடித்தார்.

அது கமெராவுக்குள் போன தூசி. தெரு முழுக்க இந்தக் கதை பரவிவிட்டது. மீன் வாடிக்காரர்கூட யாகப்புவைக் கண்டால் சுவரைத் தடவிக் காட்டினார்கள். மானம் போன யாகப்பு வீட்டுக்கு வந்து கத்தரினாவிடம் ஓர் உத்தரவு போட்டார். "இனி என்ட சூரியன் படத்தில கறுப்பா எது கிடந்தாலும் அது தூசிதான். வெளிய போக முதல் துடைச்சிடு."

கத்தரினா சரியென்றாள். அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. சூரியன் என்று அவர் வாயெடுத்ததுமே அவளுடைய காது தானாக மூடிக்கொள்ளும். எத்தனை வருஷமாக அதே கதை. பிறகு யாகப்பு தூசியை ஊதித் துப்புரவாக்கப் பழகினார், நிசமான கறைகளையும் பிடித்தார், பிடித்ததைத் தன் கையாலேயே பத்திரப்படுத்தியும் வந்தார். ஆனால் எல்லாம் கடுகு கடுகாகச் சின்னக் கறைகள். ஹாஜியார் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. கத்தரினாவுக்குக் கொடுத்த உத்தரவை வாபஸ் வாங்க யாகப்பு மறந்தே போனார்.

இரண்டாயிரத்துப் பதினாலாம் ஆண்டு ஐப்பசியில் சூரியனில் ஒரு பெரிய கறை வந்தது. இருபது வருஷத்துக்கு மேலாக அப்படி ஒன்று வந்ததில்லை என்றார்கள். தொலைநோக்கி இல்லாமலே, அந்த வெள்ளித் தாளைக் கண்ணுக்கு முன்னால் பிடித்தாலே தெரியும் அளவுக்குப் பெரிது. யாகப்பு ஹாஜியாரிடம் ஓடினார். ஹாஜியாருக்கு அப்போதுதான் கண்ணில் ஒப்பரேசன் நடந்திருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்குள் இருந்தார்.

"டாக்குத்தர் விளக்கையே பார்க்க வேணாம்டு சொல்லியிருக்கார், நீங்க சூரியனைப் பார்க்கச் சொல்றீங்க" என்றார். "படமா எடுங்க. வாசிகசாலையில படப்போட்டி வைக்கிறாங்கதானே? அதில பெரிசா அடிச்சுத் தொங்கப்போடுங்க. சபையில வந்து பார்க்கிறன். இண்டர்நெட்டில எடுத்த படம் கொண்டுவந்து காட்ட வேணாம். அதில மூண்டு தலை மாடும் இரிக்கி. எங்கட கரையில நிண்டு எடுத்ததா இருக்கணும்."

இதுதான் பந்தயம். யாகப்புவுக்குப் பரிசுக் கிண்ணம் ஒன்றும் பெரிதில்லை. அந்த மனிதர் ஒரு தடவை "ஓம், இருக்கிறது" என்று ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். சுவரைத் தடவிக் காட்டுகிறவர்கள் அதைக் கேட்க வேண்டும்.

வானம் விட்டுக்கொடுத்தால்தானே. ஐப்பசி மழை வானத்தை மூடிக்கொண்டு நின்றது. ஒரு நாள் நடுப்பகலில் மேகம் கொஞ்சம் கிழிந்தது. யாகப்பு சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டுக் கடற்கரைக்கு ஓடி, ஈர மணலில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கண் வைத்துப் பார்க்கிற ஓட்டையில் கமெராவைப் பொருத்தி எடுத்துத் தள்ளினார். மேகம் மறுபடி மூடுவதற்குள் நல்லதாக ஒன்று விழுந்துவிட்டது. நடுவுக்குச் சற்று மேலே, பெரிய கறை, உடைந்த ஓடு மாதிரி. அதைச் சுற்றிச் சாம்பல் நிற விளிம்பு. விளிம்புக்கு வெளியே குஞ்சு குஞ்சாகப் புள்ளிகள்.

அவர் முதுகெல்லாம் மணலோடு கடைக்குள் நுழைந்தபோது வாசலில் அவரை ஏற்றிப்போக வான் வண்டி நின்றது. சிலாபத்தில் அன்று பின்னேரம் ஒரு கலியாணம், போயே ஆக வேண்டும். கத்தரினா தொலைபேசியில் மணப்பெண்ணின் தாயைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். யாகப்பு மெமரி காட்டை அவளுடைய மேசையில் வைத்து, கறையைப் பற்றி என்னென்னவோ மூச்சு விடாமல் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். "புத்தளத்துக்கு அனுப்பிப் பெரிசா அடிக்கச் சொல்லு, போட்டிக்கு" என்று அவர் முடித்த ஒன்று மட்டும் அவளுடைய காதில் விழுந்தது. வான் போய்விட்டது.

கத்தரினா படத்தைத் திறந்தாள். திறந்ததும் அவளுக்கு அனுதாபமாக இருந்தது. இப்படி ஒரு தூசியை அவள் கண்டதேயில்லை. இதைப் போய்ச் சபையில் தொங்கப்போட்டால் மனிதர் இன்னொரு தடவை தெருவில் தலை காட்ட முடியுமா?

அன்று அவள் கடைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். அம்மை போட்ட முகங்களைத் துடைத்திருக்கிறாள், தீச்சுட்ட கன்னத்தைத் துடைத்திருக்கிறாள். இது அவற்றையெல்லாம் மிஞ்சியது. நடுவில் இருந்த பெரியதை முதலில் பிடித்தாள். பக்கத்திலிருந்து நல்ல இடமாக எடுத்து எடுத்துப் பூசினாள். பிறகு சாம்பல் விளிம்பு. பிறகு குஞ்சுகள், ஒவ்வொன்றாக. முடிந்ததும் கொஞ்சம் பின்னால் சாய்ந்து பார்த்தாள். வட்டத்தின் ஓரமெல்லாம் நடுப்பகுதியை விட மங்கலாக இருந்தது. கன்னத்தோரம் கறுத்த மணப்பெண்களுக்குச் செய்வதைச் சூரியனுக்கும் செய்தாள்: ஓரத்தை வெளுப்பாக்கினாள். இப்போது அது கழுவித் துடைத்த பீங்கான் தட்டாக மின்னியது. தன் வாழ்நாளில் இப்படி ஒரு டச்சிங் செய்ததில்லை என்று கத்தரினாவுக்கு மனம் நிறைந்துபோயிற்று. சட்டப்படி பழையதை அழித்தாள். காட்டையும் வெறுமையாக்கினாள். துடைத்த படத்தைப் பென்டிரைவில் போட்டுப் புத்தளம் பஸ் கொண்டக்டரிடம் கொடுத்தாள். அச்சடித்ததை நேராக வாசிகசாலைக்கே அனுப்பிவிடும்படி அச்சகத்துக்குத் தொலைபேசியிலும் சொல்லிவைத்தாள்.

மறுநாள் யாகப்பு வந்து கம்பியூட்டரைத் திறந்தார்.

"எங்க?" என்றார்.

"எது?"

"கறை."

"எல்லாம் எடுத்துட்டன். ஐயோ, எவ்வளவு தூசி இஞ்ச. கமெராவைக் கொஞ்சம் கவனமா வைச்சிருக்கக் கூடாதா?"

யாகப்பு சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் கத்தரினாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் போய் அடையாள அட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, இடது பக்கம் கொஞ்சம் திரும்பி, நாடியை இறக்கிக்கொண்டார். அவள் மெல்ல மெல்ல விளங்கிக்கொண்டாள். பழைய படத்தை மீட்க அவளிடம் வழியே இல்லை. வழி இருக்கக் கூடாது என்றுதானே சட்டமே போட்டிருந்தாள்.

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. ஒண்டும் தவறாமத் திரும்ப வைச்சுத் தரட்டா?" என்று கேட்டாள். "ஒருத்தருக்கும் தெரியாது."

"நீ வைச்சா அது நீ கீறின சூரியன்" என்றார் யாகப்பு. "நான் எடுத்தது இல்ல."

அதற்குப் பிறகு அவர் அவளோடு தேவைக்கு மட்டும்தான் கதைத்தார். ஒவ்வொரு நாளும் குழாயைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய், தலையில் பொலித்தீன் பையைப் போட்டுக்கொண்டு மழைக்குள் காத்திருந்தார். மழை விட்டு வானம் துப்புரவாக வெளுத்தபோது, கறை சூரியனின் அந்தப் பக்கத்துக்குச் சுழன்று போய்விட்டது.

போட்டியன்று வாசிகசாலை மண்டபம் நிறைந்திருந்தது. ஊரின் முக்கால்வாசிப் பேர் லூர்து ஸ்டூடியோவில் படம் எடுத்தவர்கள். ஏனென்று சொல்ல வேண்டி வரும் என்று யாகப்பு திருப்பிக் கேட்காமல் விட்ட சூரியன் நடுச்சுவரில், ஓர் ஆள் உயரத்துக்குத் தொங்கியது. நடுவர்கள் மூன்று பேர். பள்ளிக்கூட அதிபர் அதைப் பார்த்துப் பூரணை நிலவு அருமையாக விழுந்திருக்கிறது என்றார். பங்குத்தந்தை அதில் நற்கருணை அப்பத்தைக் கண்டார். கொழும்பிலிருந்து வந்த பத்திரிகைப் படப்பிடிப்பாளர் எளிமை என்ற ஒரே சொல்லைச் சொல்லித் தலையை ஆட்டினார். மூவரும் மூன்று வேறு பொருளைப் பார்த்து ஒரே மனதாக முதல் பரிசைக் கொடுத்துவிட்டார்கள்.

கைதட்டு அடங்கியதும் மர்ஸூக் ஹாஜியார் எழும்பி வந்தார். கண் சுகமாகிவிட்டது. படத்தின் முன்னால் நின்று மேலும் கீழும் பார்த்தார், பக்கத்தில் போய்ப் பார்த்தார், தூரப் போய்ப் பார்த்தார். பிறகு யாகப்புவின் தோளில் கை போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"இப்பதான் தம்பி ஒழுங்கா எடுத்திருக்கீங்க. ஒரு பொட்டுக் கறை இல்ல. நான் அண்டைக்கே சொன்னன்தானே?"

மண்டபம் சிரித்தது. யாரோ ஒருவர் சுவரைத் தடவினார். யாகப்பு வாயைத் திறந்தார். மனைவி துடைத்துவிட்டாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று அவருக்குத் தெரியும்: வேறு எதையெல்லாம் துடைத்தாள்? மண்டபத்தில் மாமியார்கள் இருந்தார்கள், மருமகள்கள் இருந்தார்கள், தைக்குக் கலியாணம் பேசி வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். அவர் பின்வரிசையில் நின்ற கத்தரினாவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஓம் ஹாஜியார்" என்றார்.

ஹாஜியாரோடு வருஷக்கணக்காகச் சூரியனுக்காக வாதாடிய மனிதர், ஊரே பார்க்க ஓம் என்கிறார். அவளுக்காகத்தான். ஒரு வாரமாக முகம் கொடுத்துக் கதைக்காத மனிதர் அவளுடைய கடையைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறார். அதற்கு மேல் அவளால் பின்வரிசையில் நிற்க முடியவில்லை.

அவள் மேடைக்குப் போய் மைக்கைப் பிடித்தாள். வாழ்க்கையில் மைக்கைத் தொட்டதில்லை; அது கீச்சிட்டது.

"இந்தப் படத்தில கறை இருந்தது" என்றாள். "இவர் கறையோடதான் எடுத்தார். தூசியெண்டு நினைச்சு நான்தான் துடைச்சன். கமெராவில ராசி ஒண்டும் இல்ல. துடைக்கிறது நான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிலர் பக்கத்தில் இருந்தவரின் முகத்தைப் பார்த்தார்கள். கத்தரினா மேசையில் கிடந்த கறுப்பு மார்க்கர் பேனையை எடுத்துக்கொண்டு சுவரில் தொங்கிய சூரியனிடம் போனாள்.

"அக்கா, அது முதல் பரிசுப் படம்" என்று வாசிகசாலைப் பொறுப்பாளர் பின்னாலேயே ஓடினார்.

"தெரியும் தம்பி, கொஞ்சம் தள்ளுங்க."

நடுவுக்குச் சற்று மேலே பெரியதை வைத்தாள். உடைந்த ஓட்டின் ஒவ்வொரு முனையையும் வைத்தாள். சுற்றி விளிம்பைத் தீட்டினாள். பிறகு குஞ்சுகளைக் குத்தத் தொடங்கினாள். யாகப்பு கிட்ட வந்து, தயங்கித் தயங்கி ஓர் இடத்தைக் காட்டினார்.

"இதிலயும் ஒண்டு இருந்தது."

"இல்ல, அது இன்னும் கொஞ்சம் கீழ" என்றாள் கத்தரினா, திரும்பிப் பார்க்காமலே. "நீங்க எடுத்தீங்க, அவ்வளவுதான். துடைச்சது நான். எனக்குத்தானே தெரியும்."

பங்குத்தந்தை கைத்தொலைபேசியை எடுத்து, அந்தத் தேதியில் விண்வெளியிலிருந்து எடுத்த சூரியன் படத்தைத் தேடிப் பிடித்துவிட்டார். பார்த்தவர் முகம் சுருங்கிற்று. "கறை இருக்கிறது மெய்தான்" என்றார். "ஆனால் இதில் நடுவுக்குக் கீழே அல்லவா இருக்கிறது?"

மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஹாஜியாரின் முகம் மலர்ந்தது. அப்போது யாகப்புவுக்கு நினைவு வந்தது. "ஃபாதர், அந்தக் குழாய் எல்லாத்தையும் தலைகீழாத்தான் காட்டும். திருப்பிப் பாருங்க" என்றார். ஃபாதர் தொலைபேசியைத் தலைகீழாகத் திருப்பினார். படம் தானே உருண்டு நேராக நின்றது. மறுபடி திருப்பினார். மறுபடி நேராக நின்றது. அதிபர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் அது அடங்கவில்லை.

"போனை விடுங்க ஃபாதர், சூரியனைத் திருப்புவம்" என்றார் யாகப்பு. நாலு பேர் சேர்ந்து முதல் பரிசைக் கழற்றித் தலைகீழாக்கிப் பிடித்தார்கள். "கொஞ்சம் சரியுங்க. இன்னும். போதும்."

ஹாஜியார் தொலைபேசியைக் கையில் வாங்கிக்கொண்டு படத்தின் முன்னால் வந்து நின்றார். பெரியதைப் பார்த்தார், இருந்தது. விளிம்பைப் பார்த்தார், இருந்தது. குஞ்சுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுத் தொட்டுச் சரி பார்த்தார். ஒன்றும் தப்பவில்லை.

"தங்கச்சி, இந்த போன் படத்தை நீங்க முன்னுக்குப் பார்த்திருக்கீங்களா?"

"சூரியன் கதையே எனக்குப் பிடிக்காது ஹாஜியார். இவரைக் கேட்டுப் பாருங்க."

அவரைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஹாஜியார் தொலைபேசியைப் பங்குத்தந்தையிடம் திருப்பிக் கொடுத்தார். "ஓம் தம்பி" என்றார். "இரிக்கி."

யாகப்புவுக்குக் கண் கலங்கிவிட்டது. படத்தின் ஒரு மூலையைப் பிடித்திருந்ததால் துடைக்கக் கை இல்லை.

ஹாஜியார் திரும்பிப் போகவில்லை. தாடியைத் தடவினார். நெற்றியைத் தடவினார். அவருடைய வீட்டு நடுச்சாலைச் சுவரில், ஹஜ்ஜுக்குப் போகுமுன் லூர்து ஸ்டூடியோவில் எடுத்த படம் ஒன்று பெரிதாக மாட்டியிருந்தது. அதைக் காட்டித்தான் அவர் பேரப்பிள்ளைகளுக்குத் தன் அழகைச் சொல்வார்.

"தங்கச்சி" என்றார், குரலை இறக்கி. "என்ட படத்தில என்ன எடுத்தீங்க?"

மண்டபம் முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டது. எல்லோருக்கும் அதே கேள்விதான். மகளுக்குத் தையில் கலியாணம் வைத்திருந்த அனஸ்தாசியா அவளுடைய கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சம்பந்தி வீட்டார் அடுத்த வரிசையில் இருந்தார்கள்.

கத்தரினா மார்க்கர் பேனையின் மூடியைப் பூட்டினாள். அவளுக்குப் பின்னால் தலைகீழாகச் சூரியன், ஒரு குஞ்சுக் கறைகூடத் தப்பாமல்.

"ஞாபகமில்ல ஹாஜியார்" என்றாள்.

"எங்கட மகள்ட படத்தில?" என்று ஒரு மாமியார் கேட்டாள்.

"ஞாபகமில்ல."

"எங்கட தம்பிட?"

"அதுவும் ஞாபகமில்ல. எனக்கு ஞாபகசக்தி குறைவு."

அனஸ்தாசியா மகளின் கையை விட்டாள். ஹாஜியார் கத்தரினாவைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் இருந்த சூரியனைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டுத் தன் இருக்கைக்குப் போனார். வேறு யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மார்க்கர் பட்ட படத்துக்குப் பரிசு கொடுக்க விதியில்லை என்று நடுவர்கள் கிண்ணத்தைத் திருப்பி எடுத்து டொல்பின் படம் எடுத்த ஒருவருக்குக் கொடுத்தார்கள். யாகப்புவும் கத்தரினாவும் சூரியனை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு கடைத்தெருவால் நடந்தார்கள். வாசிகசாலை கண்ணிலிருந்து மறைந்ததும் யாகப்பு மெல்லக் கேட்டார்.

"எனக்கு மட்டும் சொல்லு. ஹாஜியாருக்கு என்ன எடுத்தாய்?"

"ஞாபகமில்ல எண்டு சொன்னன்தானே."

ஒரு வாரமாகச் சிரிக்காத யாகப்பு அப்போதுதான் சிரித்தார். சிரிப்பில் அவருடைய பக்கம் சூரியன் கொஞ்சம் தாழ்ந்துவிட்டது. "ஒழுங்காப் பிடியுங்க" என்றாள் கத்தரினா. வீடு வரைக்கும் அவர் விடாமல் கேட்டுக்கொண்டே வந்தார், பிறகும் எத்தனையோ வருஷம் கேட்டார். அவள் சொல்லவேயில்லை.